பட்டுக் கால்மிதியை மிதிக்க ஆள் தேடினேன்

நான் கால்மிதி செய்கிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஊரில் ஆளாளுக்கு என் சரக்குக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். நான் செய்வது வாசலில் போடுவதற்கு. மிதித்து, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவதற்கு. என்ன, பட்டில் செய்கிறேன்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எழுதுவதும் அதே நடைதான். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த சோறு வெந்து, வடித்து, ஆறியும் போயிருக்கும். அவசரக்காரர்கள் வேறு யாராவது எழுதியதைப் படித்துக்கொள்ளலாம்.

பட்டுக்கு எங்கே போனாய் என்று காஞ்சிபுரத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள். தறி இருக்கிற இடத்தில் மிச்சமும் இருக்கும். புடவையை அறுத்து எடுத்த பிறகு தறியில் தொங்குகிற நூல், தையற்கடையில் ரவிக்கை வெட்டிய ஓரத்துண்டு, பீரோவில் இருந்தே மடிப்பு விட்டுப்போன பழம்புடவை. "எடுத்துக்கினு போ ஆயா, எடத்த அடைச்சிக்கினு கெடக்குது" என்று கொடுத்துவிடுவார்கள். அதைக் கிழித்து, தலைமுடி பின்னுகிற மாதிரி மூன்று பிரியாகப் பின்னி, நடுவிலிருந்து வட்டமாகச் சுருட்டிச் சுருட்டிக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டே வரவேண்டும். நான் தைத்தது பிரியாது. லாரி ஏறினாலும் பிரியாது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

வயசுக்காலத்தில் எனக்குத் தறி முதலாளி வீட்டில் நூல் சிக்கெடுக்கிற வேலை. தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, நூலைக் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு சிக்கெடுப்போம். கை இரண்டு போதாது, காலும் வேலை செய்யவேண்டும். இந்த ஊர்ப் பட்டுக்கும் என் கால் கட்டைவிரலுக்கும் அவ்வளவு பழக்கம். ஆனால் உடம்பில் பட்டு ஏறியது ஒரே ஒரு நாள். சர்ச்சில் எனக்குக் கல்யாணம் நடந்த அன்றைக்கு. அதுவும் முதலாளியம்மா கொடுத்த இரவல். மறுநாள் காலையில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அப்படியே சிக்கெடுக்க உட்கார்ந்துவிட்டேன்.

முட்டி இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் அந்த வேலை நின்றது. மகன் நல்லவன், சோறு போடுகிறான். வெற்றிலைக்குக் காசு கேட்டாலும் கொடுப்பான். கேட்க வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகவில்லை. அப்போதுதான் எங்கள் தெரு மகளிர் குழுவில் சேர்ந்தேன். குழு சார்பில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கல்யாண மண்டபத்து முன்வாசலில் கைவேலைச் சந்தை போடுவார்கள். வீட்டில் செய்த சாமானை ஆளுக்கொரு மேசையில் வைத்து விற்கலாம். எனக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள். மற்ற நாளெல்லாம் நான் வீட்டில் இருக்கிற கிழவி. அந்தச் சனிக்கிழமை மட்டும் கடைக்காரி. காலையிலேயே குளித்து, வெள்ளைப் புடவையைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு, "வழிய விடுங்க, கடைக்கு நேரமாயிட்டுது" என்று மருமகளிடம் சொல்வதில் இருக்கிற சுகத்தை எழுத எனக்குத் தெரிந்த எழுத்து போதாது.

கடை இருந்தது. வியாபாரம்தான் இல்லை.

ஆள் வராமல் இல்லை. என் மேசைக்குத்தான் முதலில் வருவார்கள். ஜரிகை பளபளவென்று இழுக்குமே. வந்து தடவிப் பார்ப்பார்கள். "இன்னா அழகா இருக்குது ஆயா! டேபிள் மேல போடறதா?"

"கால்மிதிமா."

அவ்வளவுதான். சுட்ட மாதிரி கையை இழுத்துக்கொள்வார்கள். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். "பட்டைப் போய் மிதிக்கிறதா? மகாலட்சுமி ஆயா!" ஒரு அம்மா என் சரக்கிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

இந்த ஊரில் சாமிக்குச் சாத்துவது பட்டு. பெண்ணுக்குக் கட்டுவது பட்டு. தறிக்குழியில் இறங்குகிறவன்கூடத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவான். அதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் புத்தியில் பட்டு என்றால் கட்டைவிரலில் மாட்டுகிற சாமான். காலில் கிடந்தது காலுக்கே ஆகட்டும் என்று தைத்துவிட்டேன். வேறு ஊரில் எவளும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள், பட்டுக்கு எங்கே போவாள்?

பக்கத்து மேசைக்காரி ஊறுகாய் விற்கிறவள். நாக்கு அவள் ஊறுகாயைவிடக் காரம். "யக்கா, நீ பேசாம வெல போடாத, உண்டியல் வெச்சிடு" என்பாள்.

குழுத் தலைவி நல்ல மாதிரி. என் மருமகள் வயசு. கையில் எப்போதும் போன், எல்லாரையும் அதட்டிக்கொண்டே உதவி செய்கிறவள். அவள் ஒரு வழி சொன்னாள். "ஆயா, பேர மாத்து. பூஜை விரிப்புன்னு சொல்லு. வெளக்குக்கு அடியில போடறதுன்னு சொல்லு. இன்னிக்கே காலியாயிடும்."

"இது கால்மிதிமா. கால்மிதிக்குன்னு இறுக்கித் தைச்சிருக்கேன். வெளக்கு வைக்கிறதுக்கு இவ்ளோ இறுக்கம் எதுக்கு? வெளக்கு இன்னா குதிக்கவா போவுது?"

"யாரும் வாங்கலியே ஆயா!"

"வாங்குவாங்க."

"எப்போ?"

நான் வெற்றிலையை எடுத்தேன். சுண்ணாம்பு தடவி மென்றேன்.

அப்படியே சில மாதம் போனது. கடைசியில் ஒரு சந்தைக்கு முதல் நாள் தலைவி வீட்டுக்கே வந்தாள். காபி குடித்தாள், முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஆயா, தப்பா நினைக்காத. தாமல் பக்கத்துல இருந்து ஒருத்தி வரா. கோவில் இட்லி போடறா, மிளகு, சுக்கெல்லாம் போட்டு. டேபிள் கேட்டுக்கினே இருக்கா. நாளைக்கு உன்னுது ஒண்ணாச்சும் வித்துச்சின்னா பேச்சே இல்ல. இல்லன்னா அடுத்த மாசத்துல இருந்து அந்த டேபிள் அவளுக்கு. மத்தவங்க என்னைக் கேக்கறாங்க ஆயா."

"கேக்கட்டும்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. அவள் போன பிறகு மருமகள், "விட்டுத்தள்ளுங்க அத்தே, வெயில்ல எதுக்கு அலையறீங்க, வீட்ல இருங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். வீட்டில் இருங்கள் என்று சொன்னதும் நான் எழுந்துபோய் வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டேன்.

மறுநாள் போனால், மண்டபத்து வாசலில் அந்த இட்லிக்காரி ஏற்கெனவே நிற்கிறாள். மேசை கேட்டு வந்தவள் மேசையைப் பார்க்காமல் இருப்பாளா? கையை விரித்து ஜாண் போட்டே அளந்தாள். "அண்டா கொள்ளும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் காதில் வாங்காத மாதிரி துணியை விரித்தேன்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. மேசை மேல் இருப்பதால்தானே கும்பிடுகிறார்கள்? கீழே போட்டால் மிதித்துத்தான் ஆகவேண்டும். எல்லாரும் வந்து போகிற வழியில், மண்டபத்து முன்னால் வெயில் காய்கிற சிமெண்டுத் தரையில், இருப்பதிலேயே பெரிய கால்மிதியைப் போட்டேன். அரக்குச் சிவப்பு, ஓரத்தில் பச்சை, நடுவில் ஜரிகை. ஒருத்தி மிதித்துவிட்டால் அவள் பின்னால் ஊரே மிதிக்கும் என்பது என் கணக்கு.

முதலில் வந்த பெண் குனிந்து பார்த்தாள். நின்றாள். செருப்பைக் கழற்றினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மிதிக்கத்தான் கழற்றுகிறாள் என்று. அவள் தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். செருப்பு இந்தப் பக்கமே கிடந்தது. அடுத்து வந்தவர்கள் அங்கே செருப்பு கிடப்பதைப் பார்த்தார்கள். செருப்பு கிடக்கிற இடத்தில் செருப்பைக் கழற்றுவதுதானே நம் ஜனங்களுக்கு வழக்கம்? கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் என் கடை முன்னால் செருப்பு குவிந்துவிட்டது. யாரோ ஒரு பூ வைத்தார்கள். யாரோ ஒரு ரூபாய்க் காசு வைத்தார்கள்.

ஊறுகாய்க்காரி எட்டிப் பார்த்தாள். "யக்கா, கும்பாபிஷேகம் எப்போ?"

"வாய மூடுடி."

"நான் வேணா டோக்கன் குடுக்கட்டா? செருப்புக்கு?"

இட்லிக்காரியும் வாசல் மரத்தடியில் நின்றபடி சிரிக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பங்குனி வெயில், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. பூவை எடுத்துத் தூரப் போட்டேன். "இது சாமி இல்லம்மா! கால்மிதி! இதோ பாருங்க, இப்படித்தான் மிதிக்கணும்!" என்று மேசையைச் சுற்றி வந்து, கால்மிதி மேல் ஏறி, ஓங்கி ஓங்கி மிதித்தேன். "மிதிங்க! வந்து மிதிங்க! ஏன் மிதிக்க மாட்டேங்கறீங்க?" என்று கத்தினேன். மிதித்த வேகத்தில் கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் முகத்தில் விழுந்தது. முட்டி வேறு வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. நான் ஆட்டவில்லை. அதுவாக ஆடியது.

அங்கே இருந்தவர்கள் பார்த்தது என்ன? ஒரு கிழவி, வெள்ளைப் புடவை, விரித்த தலை, பட்டு மேல் நின்று ஆடுகிறாள், மிதி மிதி என்கிறாள்.

"ஆத்தா வந்துட்டாடி!" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள்.

சந்தையே என் பக்கம் திரும்பியது. களிமண் நகை விற்கிற பெண் கடையை விட்டுவிட்டு வந்தாள். "தண்ணி கொண்டாங்க! மஞ்சத் தண்ணி!" என்று எங்கிருந்தோ ஒரு சத்தம். பருத்த அம்மா ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கை கூப்பி நின்றாள். "தாயே, எம் பொண்ணுக்கு எப்போ வரன் அமையும்? ஒரு வார்த்த சொல்லு தாயே."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"கோவமா இருக்கா" என்றது கூட்டம். "பட்டைத் தரையில போட்டாங்கல்ல, அதான் எறங்கிட்டா."

"ஐயோ, போட்டவளே நான்தாம்மா!"

"நான்தான்னு சொல்றா பாருங்க!" என்று இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

இறங்கிவிடலாம் என்றால் முட்டி பூட்டிக்கொண்டது. மடங்கவே இல்லை. என் சர்ச் சபைக்காரர்கள் யாராவது சந்தைக்கு வந்திருந்தால் என் கதி என்ன என்று நினைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முன்வரிசை பெஞ்சு என்னுடையது. அங்கே எப்படிப் போய் உட்காருவேன்? மூக்கில் கற்பூர வாசனை அடித்தது. திரும்பிப் பார்த்தால், ஊதுபத்தி விற்கிறவள் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு என் காலை நோக்கி வருகிறாள்.

"பட்டு பத்திக்கும்டி!" என்று போட்ட சத்தத்தில் அவள் தட்டோடு பின்வாங்கினாள். "நான் சர்ச்சுக்குப் போறவம்மா! எனக்கு ஆத்தாவும் வரல, யாரும் வரல! முட்டி வலிம்மா!"

பின்னாலிருந்து ஒரு பெரியவர், "சர்ச்சுக்குப் போறவங்களுக்கும் வரும். எங்க பக்கத்து வூட்ல ஒருத்தருக்கு வந்துச்சி" என்றார்.

அந்த ஆளை இன்றைக்கும் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதற்குள் தலைவி ஓடி வந்துவிட்டாள். அவளும் ஊறுகாய்க்காரியுமாக என்னைத் தூக்காத குறையாக இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஊறுகாய்க்காரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "ஆயா, இன்னா வேல பண்ணி வெச்சிருக்க?" என்று தலைவி பல்லைக் கடித்தாள். நான் கொண்டையை முடிந்துகொண்டே, "மிதிச்சிக் காட்டினேன்" என்றேன். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மேசையைப் பார்த்தாள், மரத்தடியில் இருக்கிற இட்லிக்காரியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்தாள். ஆயிற்று, மேசை போயிற்று என்று எனக்குப் புரிந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் இன்னொரு கூச்சல். "இவங்களுக்கும் வந்துடுச்சி! இவங்களுக்கும் வந்துடுச்சி!"

பார்த்தால், வரன் கேட்ட அந்தப் பருத்த அம்மா. வலது காலைத் தூக்குகிறாள், இடது காலைத் தூக்குகிறாள், "ஆ, ஆ" என்கிறாள். கூப்பிய கை கூப்பியபடியே இருக்கிறது. கூட்டம் அவள் பக்கம் நகர்ந்து கும்பிட ஆரம்பித்தது. எனக்கு மட்டும் விஷயம் விளங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? செருப்பைத் தேடலாம் என்றால் அது குவியலுக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது.

"கால் சுடுதும்மா!" என்று அலறினாள். அலறிவிட்டு ஒரே தாவு. நேராக என் கால்மிதி மேல்.

எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். நானுந்தான்.

அவள் கண்ணை மூடி நின்றாள். மெதுவாகக் கால்விரலை விரித்தாள். "அப்பாடா" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஜில்லுனு இருக்குது" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "எவ்ளோ மெத்துனு இருக்குதுமா, இன்னா துணி இது?" என்றாள். அவசரத்தில் எதன் மேல் ஏறினோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"பட்டுமா" என்றேன் நான். "நீங்க நிக்கிறது பட்டு."

அவள் கீழே பார்த்தாள். முகம் வெளுத்தது. இறங்கக் காலைத் தூக்கினாள், தரையைப் பார்த்தாள், தூக்கின காலைத் திரும்ப அதன் மேலேயே வைத்தாள்.

"ஐயையோ, பாவமாச்சே" என்றாள்.

"அப்போ எறங்குங்க."

"எறங்க மாட்டேன்."

"மிதிச்சா ஒண்ணும் ஆவாதுமா. அந்தப் பட்டு புடவையாவறதுக்கு முன்னாடி என் காலு கட்டவெரல்லதான் கெடந்துது. எனக்கு இன்னா ஆச்சி?"

"முட்டி போச்சே ஆயா" என்றாள் அவள், என் காலைப் பார்த்து.

கூட்டம் சிரித்தது. சாமி பார்க்க வந்த கூட்டம் சிரிக்க ஆரம்பித்ததும் ஆத்தா கதை அங்கேயே முடிந்துபோனது. ஆளாளுக்குக் குவியலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். அந்த அம்மா மட்டும் நகரவில்லை. அதன் மேலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பாண்ட நின்னு நின்னு எனக்குக் குதிகால் விட்டுப்போவுது ஆயா. இத்த அங்க போட்டுக்கலாமா?"

"போட்டுக்கோங்க. கால்மிதிதானே."

"பயமா இருக்குது."

"அப்போ வேணாம்."

வேண்டாம் என்று சொன்னதும் அவளுக்கு வேண்டியிருந்தது. மேசையிலிருந்து இரண்டு எடுத்தாள். எதற்கு இரண்டு என்று தலைவி வாயை விட்டுக் கேட்டுவிட்டாள். அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஒண்ணு எங்க மாமியார் கட்டிலாண்ட போடறேன். அவங்க ஒரு மாசம் மிதிக்கட்டும். அவங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னா, அப்புறம் நான் மிதிக்கிறேன்."

ஊறுகாய்க்காரி அப்படியே மேசை மேல் சாய்ந்துவிட்டாள். தலைவி போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பணத்தை வாங்கி என் கையில் வைத்தாள். "வித்துச்சி ஆயா" என்றாள். சொன்னபோது அவள் முகத்தில் என்னைவிட நிம்மதி.

"கால்மிதின்னு வித்துச்சி" என்றேன்.

"ஆமா தாயே, கால்மிதின்னுதான். டேபிள் உன்னுது. அடுத்த மாசம் ஆடாம உக்காந்து வித்தா போதும்."

இட்லிக்காரிக்கு மண்டபத்துக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டுத் தருவதாக ஆனது. அவளுக்கு வருத்தமில்லை. வாசனை தெருவுக்கே போகுமே. தரையில் விழுந்திருந்த காசை நான் தொடவில்லை. கோவில் உண்டியலில் போடுகிறேன் என்று ஊறுகாய்க்காரி பொறுக்கிக்கொண்டாள். போட்டாளா, டீ குடித்தாளா, அது அவளுக்கும் அந்தச் சாமிக்கும்.

அந்த அம்மா நின்ற கால்மிதியை நான் மெதுவாக எடுத்தேன். இரண்டு பாதமும் புழுதியில் அச்சாகப் பதிந்திருந்தது. துவைக்கலாமா என்று யோசித்து, துவைக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு சந்தையிலும் அதை மேசை மேல் முன்வரிசையில் வைக்கிறேன். யாராவது தடவிப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டால் அதை எடுத்துக் காட்டுவேன். "தோ பாரும்மா, ஒருத்தங்க நின்னுட்டாங்க. நல்லா இருக்காங்க." அப்போதும் சிலபேர் அந்தப் பாத அச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நான் அடுத்த ஆளைப் பார்த்து, "வாங்கம்மா, கால்மிதி" என்கிறேன்.